பனி பெய்யாத ஊரில் பனிக்குடுவை: கேள்வி பதில்

கார்த்திகை பிறந்ததும் கிறிஸ்துமஸ் குடில் வேலையோடு, குலுக்கினால் உள்ளே பனி விழுகிற கண்ணாடிப் பனிக்குடுவையை வீட்டில் செய்வது பற்றிய கேள்விகளும் வந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

பனிக்கு ரவை போட்டேன். பத்து நாளில் தண்ணீர் கலங்கிவிட்டது. எங்கே தப்பு? (பாளையங்கோட்டை)

ரவையைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பேர்பெற்ற வியன்னா பனிக்குடுவை பிறந்ததே ரவையில்தான். 1900 வாக்கில் வியன்னாவில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்சி, விளக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதற்காகத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டைக்குள் ரவையைப் போட்டுப் பார்த்தார். வெளிச்சம் கூடவில்லை, ஆனால் ரவை பனி மாதிரி மெல்ல இறங்கியது. அப்புறம் ஆஸ்திரியாவின் மரியாசெல் ஊர் தேவாலயத்தின் சிறு உருவத்தை உள்ளே வைத்தார். நீங்கள் உங்கள் ஊர் ஊசிக்கோபுரத் தேவாலயத்தை வைக்கலாமே!

ஆனால் நம்மூர் வெக்கையில் ரவை ஊறிப் புளித்துவிடும். நான் முதல் தடவை தேங்காய்த் துருவல் போட்டவன். மூடியைத் திறந்தபோது வந்த வாடையைப் பற்றிப் பேச வேண்டாம். தின்கிற பொருள் எதையும் போடாதீர்கள். முட்டை ஓட்டை வேகவைத்து, உள்தோலை உரித்து, காயவைத்து, கையால் நொறுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். அதோடு கொஞ்சம் வெள்ளை ஜிகினாத் தூள் சேர்த்தால் போதும்.

எங்கள் தேரி மணலைப் போட்டால் அழகாக இருக்குமே? (திசையன்விளை)

குலுக்கியதும் அழகுதான், ஆனால் இரண்டு நொடியில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். செம்மண் தூசு தண்ணீரையும் கலக்கிவிடும். நன்றாகக் கழுவி அடியில் தரையாகப் பரப்புங்கள், மேலே ஜிகினா பறக்கட்டும்.

கிளிசரின் எவ்வளவு? போர் தண்ணீர் ஊற்றலாமா? (மேலப்பாளையம்)

300 மில்லி ஜாம் பாட்டிலுக்கு இரண்டு தேக்கரண்டி கிளிசரின், மெடிக்கலில் கிடைக்கும். மெதுவாக விழட்டும் என்று கூட ஊற்றினால் ஜிகினா ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். ஜிகினா மேலேயே மிதந்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள்.

போர் தண்ணீரில் உப்பு அதிகம், கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. அதே கடையில் ஆசிட்டும் விற்பார்கள், பார்த்து வாங்குங்கள். டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய குடிநீர். கொதிக்கும்போது கரைந்திருக்கிற காற்று போய்விடுவதால் பின்னால் குமிழும் குறையும்.

அம்பாசமுத்திரம் மரச்செப்பை உள்ளே வைக்கலாமா?

வேண்டாம். மரம் ஊறும், ஒட்டு விட்டால் மிதக்கும். சுட்ட மண் பொம்மையானாலும் நாள்கணக்கில் குமிழ் விடும். பிளாஸ்டிக் அல்லது பீங்கான்தான் சரி. ஒல்லியான பொம்மையாகப் பாருங்கள். நேர் பாட்டிலில் தண்ணீர் குறுக்குவாட்டில் மட்டும் பெரிதாக்கிக் காட்டும். நடுவில் நிற்கிற பொம்மை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும். என் முதல் கிறிஸ்துமஸ் தாத்தா சாப்பாட்டுக்கடை முதலாளி மாதிரி ஆகிப்போனார்.

மூடியில் கசிகிறது. (வள்ளியூர்)

பொம்மையை ஒட்டவும் மூடியை அடைக்கவும் இரண்டு குழாயில் வரும் எபாக்சி பசைதான். வெள்ளைப் பசை தண்ணீரில் இளகிவிடும். மூடியின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் கசியும். விளிம்பு வரை ஊற்றாமல் ஒரு சின்னக் குமிழுக்கு இடம் விடுங்கள். 300 மில்லி தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஒன்றரை மில்லி விரியும், சித்திரை வெயிலில் அதுதான் மூடியைத் தள்ளுகிறது.

ஜன்னலில் வைக்கலாமா?

கூடாது. தண்ணீர் நிரம்பிய கண்ணாடி, வெயிலை ஓரிடத்தில் குவிக்கும். பக்கத்தில் திரைச்சீலையோ காகிதமோ இருந்தால் தீப்பிடிக்கலாம்.

பனியே பார்த்ததில்லை மாமா, குற்றாலச் சாரல் செய்ய முடியுமா? (ஏழாம் வகுப்பு, தென்காசி)

முடியும் தம்பி. பொடியான வெள்ளி ஜிகினா எடுத்துக்கொள். மலையையும் அருவியையும் தாளில் வரைந்து பாட்டிலுக்கு வெளியே, பின்பக்கம் ஒட்டு. முன்னாலிருந்து பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும், அதனால் மலையை நெருக்கி வரை. எபாக்சி பசையை அப்பாவோ அம்மாவோ குழைத்துத் தரட்டும்.