ஆடியில் வரும் ஸ்ட்ரோபெரிக் கன்று

கேள்வி: விசுவமடுவில் அரை ஏக்கர் மேட்டுக்காணி, கிணற்றுப் பாசனம். இங்கிலாந்திலுள்ள அக்கா மால்வினா என்ற பிந்திய இன ஸ்ட்ரோபெரியை மண்ணில்லாத வேர்க்கன்றாக வாங்கி நட்டு, அயலவர்களின் பழம் முடிந்த பிறகும் பறிக்கிறார். ஆடியில் ஊருக்கு வரும்போது 50 கன்றுகள் கொண்டுவருவதாகச் சொல்கிறார். நிழல்வலை கட்டி நடலாமா?

பதில்: வேண்டாம் என்று அக்காவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். முதலாவது, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். அனுமதிப் பத்திரம் இல்லாமல் பெட்டிக்குள் வரும் கன்றை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். வேரோடு வரும் நூற்புழுவும் (வேரைத் தாக்கும் நுண்ணிய புழு) பூஞ்சையும் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும் என்பதால், அதில் எனக்கு வருத்தமில்லை.

சட்டத்தை விட்டாலும் பயிர் விடாது. மால்வினா ஜேர்மனியில் உருவான இனம். மற்ற இனங்களுக்குப் பிந்திப் பூப்பதால் பின்பனியில் பூக் கருகுவது குறைவு, பழமும் பிந்தும். ஆனால் அந்தப் பூவுக்கான மொட்டு முந்திய இலையுதிர்காலத்திலேயே, பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது, இலைகள் புறப்படும் தடித்த கழுத்துக்குள் உருவாகிவிடுகிறது. பிறகு அங்கத்தைய குளிர்காலம் முழுவதும் செடி உறங்குகிறது. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடந்தால்தான் அந்த உறக்கம் சரியாகக் கலையும். வெறும் வேராகக் கட்டி விற்க முடிவதும் அது உறங்குவதால்தான். நம் மார்கழி இரவு 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. நிழல்வலை உச்சி வெயிலைத் தணிக்கும். இரவைக் குளிர வைக்காது. ஆடியில் சோளகக் காற்றும் சேர்ந்தால், புது வேர் விடுமுன்பே இலை காய்ந்துவிடும்.

ஆசையை அடியோடு விட வேண்டியதில்லை. நுவரெலியாவிலிருந்து பையில் வளர்ந்த ஓடுகொடிக் கன்று (தாய்ச்செடி விடும் கொடியில் வேர்விட்ட கன்று) பத்து வாங்குங்கள். பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் இனமா என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் 30 பாகைக்கு மேல் பூப்பதை நிறுத்திக்கொள்ளும். பெருமழை ஓய்ந்ததும், மார்கழி கடைசியில், தும்புச்சோறும் மக்கிய மாட்டெருவும் கலந்த சாடியில் நடுங்கள். காலை வெயில் போதும். மதியத்தில் மரநிழல் விழட்டும்.

நடுகையில் பலர் சறுக்குவது கழுத்தில். இலைகள் புறப்படும் அந்தத் தடித்த பகுதியின் பாதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்தால் குருத்து அழுகும், உயர்த்தினால் வேர் காயும். அக்காவின் வேர்க்கன்றுக்கும் இதே விதிதான். அவர் கூடுதலாக வேரை ஒரு மணி நேரம் நீரில் ஊறவிட்டு, சுருட்டாமல் விரித்து நட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதியுங்கள். ஸ்ட்ரோபெரியைப் போல உப்புக்குச் சுருளும் பயிர் குறைவு; இலையோரம் கருகினால் உரம் போடாதீர்கள், அது உப்பைக் கூட்டும். நீர் உவர் என்றால், சேமித்த மழைநீர் பத்துச் சாடிக்குத் தாராளமாகக் காணும். அரை ஏக்கருக்குக் காணாது. பங்குனி வெயிலோடு செடி ஓய்ந்துவிடும். அதுவரை கிடைப்பது பிள்ளைகளுக்கு, சந்தைக்கு அல்ல. காணியில் மிளகாயோ பப்பாசியோ நிற்கட்டும்.