கொல்லையில் வேலை, வீட்டில் விரிசல்: கேள்வி பதில்

வீட்டின் பின்பக்கத்தில் தளம் போடுவது, சுவர் எழுப்புவது, தோட்டத்தைத் திருத்துவது என்று வேலை நடக்கும்போது ஏதோ ஒன்று உடைந்து, வீட்டுக்காரருக்கும் காண்ட்ராக்டருக்கும் தகராறாகிப் போனவர்களின் கேள்விகள் இவை. நான் முதலில் காண்ட்ராக்டராக இருந்தவன். இப்போது இரண்டு தரப்பும் கூப்பிட்டால் போய்ப் பார்த்து, சேதத்துக்கு என்ன காரணம் என்று எழுதிக் கொடுக்கிறேன். பணம் யார் தருவது என்று சண்டை போடுவதற்கு முன்னால், எதனால் உடைந்தது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்திருந்தால் பாதித் தகராறு வந்தே இருக்காது. அதை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். இரண்டாம் நாளே கழிப்பறைத் தண்ணீர் திரும்பி வந்தது. பார்த்தால் கழிவுக் குழாய் உடைந்திருக்கிறது. "அது ஏற்கெனவே உடைந்த குழாய்" என்கிறார் காண்ட்ராக்டர். எப்படி நிரூபிப்பது சார்?

குழாயே சொல்லிவிடும். அந்த உடைந்த துண்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உடைந்த வாயைக் கழுவாமல் பாருங்கள். நேற்று உடைந்த பிவிசி குழாயின் விளிம்பு கூர்மையாக, பளிச்சென்று இருக்கும். பக்கத்திலேயே ஜேசிபி வாளியின் பல் இழுத்த கீறல் தெரியும். பழைய உடைப்பு என்றால் விளிம்பெல்லாம் கறுத்து வழவழவென்று இருக்கும். சுற்றியுள்ள மண்ணும் கறுத்து நாற்றமடிக்கும். ஒரு வீட்டில் இதே சண்டை. குழாய்த் துண்டை வெளியே எடுத்தபோது உள்ளேயிருந்து முழ நீளத்துக்குக் குதிரைவால் மாதிரி சல்லிவேர்க் கொத்து வந்தது. இரண்டு நாளில் வளர்கிற வேரா அது? அங்கே காண்ட்ராக்டர் சொன்னதுதான் உண்மை. அதனால் நீங்களும் திறந்த மனதோடு பாருங்கள்.

புதிய உடைப்புதான் என்று தெரிந்தாலும் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது: குழாய் அங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? கழிவுக் குழாய்களைத் திறந்து பார்க்கிற தொட்டியான சேம்பரின் மூடிகள் இரண்டு கண்ணுக்குத் தெரிந்தால், அவற்றுக்கு நடுவே நேர்கோட்டில் குழாய் ஓடும் என்று அனுபவமுள்ள எவரும் யூகிப்பார். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடப்பாரை, மண்வெட்டியால் தோண்டுவதுதான் முறை. அதைச் செய்யவில்லை என்றால் தவறு அவர் பக்கம். மாறாக, "இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, தைரியமாகத் தோண்டுங்கள்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் பொறுப்பில் உங்களுக்கும் பங்கு வரும்.

டேப்பை அருகில் வைத்து ஆழமும் இடமும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். காண்ட்ராக்டரை வரவழைத்துக் காட்டுங்கள். அப்புறம் உடனே சரி செய்துவிடுங்கள். வழக்குக்காகக் கழிவுநீரை நாள் கணக்கில் தேங்கவிட்டால், அதனால் கூடிய சேதத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

கேள்வி: வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நாலடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தார்கள். பக்கத்தில் அதிர்வு இயந்திரம் வைத்து மண்ணையும் இறுக்கினார்கள். இப்போது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். "பழைய வீடு, வெயிலுக்கு விரியத்தான் செய்யும்" என்கிறார். நம்பலாமா?

உங்கள் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று முதலில் தெரிய வேண்டும். அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக 45 டிகிரியில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். பள்ளம் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால், வீட்டைத் தாங்குகிற மண்ணுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் போய்விடுகிறது. உங்கள் கணக்கில் பள்ளம் இரண்டடி தள்ளி இருக்கிறது. அஸ்திவாரம் மூன்றடி ஆழம் என்றால் பள்ளத்தின் அடி அதற்கு ஓரடிதான் கீழே, கோட்டுக்கு மேலேயே நின்றுவிடும். அஸ்திவாரம் ஒன்றரை அடிதான் என்றால் இரண்டரை அடி கீழே போயிருக்கிறார்கள். அது வேலைக்கு முன்பே யோசித்து முட்டுக் கொடுத்திருக்க வேண்டிய இடம். ஈரமான, உதிரி மண்ணில் இந்த 45 டிகிரிக் கணக்கையே முழுதாக நம்பக்கூடாது.

விரிசலின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். பழைய விரிசலுக்குள் தூசி படிந்திருக்கும், சிலந்திக்கூடு இருக்கும், எப்போதோ அடித்த பெயிண்ட் உள்ளே இறங்கிக் காய்ந்திருக்கும். புதிய விரிசலில் பெயிண்ட் படலமே கிழிந்து, உள்ளே பூச்சு சுத்தமான நிறத்தில் தெரியும். அடுத்து, விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். வாரம் ஒரு தடவை பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் வீடு இன்னும் அசைகிறது என்று அர்த்தம். அசைகிற சுவருக்குப் பூச்சுப் பூசி மூடுவது வீண் செலவு.

1 மி.மீ. வரை உள்ள விரிசல் பெரும்பாலும் பெயிண்ட் வேலையோடு போய்விடும். 5 மி.மீ. வரை அடைத்துச் சரி செய்யலாம். அதைத் தாண்டினாலோ, கதவு ஜன்னல் இறுகிச் சாத்த முடியாமல் போனாலோ ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். அதுவரை பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கவிடாதீர்கள். நிரப்பும்போது 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்காக இறுக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் மண்ணைத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அதுவே உள்வாங்கும்.

கேள்வி: முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. சுற்றுச்சுவரை இடித்துவிட்டார்கள். சுவரைக் கட்டித் தரும்வரை சல்லிக்காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

கோபம் நியாயம்தான், வழி சரியில்லை. மொத்தப் பாக்கியையும் நிறுத்தினால், ஒழுங்காக முடித்த வேலைக்கும் பணம் தராதவர் என்று பழி உங்கள் மேல் திரும்பும். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அடுத்தவர் விட்டுப்போன வேலையை எடுக்கிற புது ஆள், பழைய வேலைக்கு உத்தரவாதம் தரவே மாட்டார்.

ஒப்பந்தத்தில் பிடித்தம் பற்றி வரி இருக்கிறதா என்று பாருங்கள். முடிவில் தருவதற்காக 5 முதல் 10 சதவீதம் வரை நிறுத்தி வைக்கும் வழக்கம் கட்டட வேலையில் உண்டு. இல்லையென்றால் சுவரைச் சரி செய்ய எவ்வளவு ஆகும் என்று, சம்பந்தமே இல்லாத இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி, "இன்ன சேதத்துக்காக இவ்வளவு நிறுத்தியிருக்கிறேன்" என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, தகராறு இல்லாத பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். இதற்கான சட்டம் ஊருக்கு ஊர் மாறும். தொகை பெரிதென்றால் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு நிறுத்துங்கள்.

இன்னொன்று: இடிந்தது 20 வருடப் பழைய சுவர் என்றால், பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவுதான் கேட்க முடியும். அதைவிட உயரமாக, கிரானைட் பதித்துக் கேட்டால் அந்தக் கூடுதல் உங்கள் கணக்கு.

கேள்வி: அண்ணே, நான் காண்ட்ராக்டர். வண்டி திருப்பும்போது பழைய கல் படிக்கட்டின் ஓரம் பெயர்ந்துவிட்டது. மறைக்காமல் நானே போய்ச் சொன்னேன். இப்போது படிக்கட்டு முழுவதையும் மாற்றித் தரச் சொல்கிறார்கள்.

நீங்களே போய்ச் சொன்னது பெரிய விஷயம் தம்பி. அதற்காக வருத்தப்படாதீர்கள்.

அவர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதே கல் இப்போது கிடைக்காவிட்டால், ஒரு படி மட்டும் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கும். நான் செய்து பார்த்த வழி இது: கண்ணில் படாத இடத்திலுள்ள பழைய கல்லைப் பெயர்த்து உடைந்த படிக்கு வைத்துவிட்டு, புதுக் கல்லை அந்த மறைவான இடத்தில் போடுவது. வீட்டுக்காரரை அழைத்துக் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், தொகை எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். தாமதமானால் தட்டிக்கழிக்க அதுவே காரணமாகிவிடும். பொதுவாக காண்ட்ராக்டர் எடுக்கிற இந்த மாதிரி இன்சூரன்ஸ் மற்றவர் சொத்துக்கு வந்த சேதத்துக்குத்தான். நீங்கள் போட்ட தளமே கோணலாகிவிட்டால் அதைத் திரும்பப் போடும் செலவுக்கு இல்லை.

வண்டி ஓட்டியவர் சப்-காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவரிடம் நீங்கள் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தளம் போட்டு எட்டு மாதம் கழித்து, பக்கத்திலிருந்த பெரிய மரம் பட்டுப்போகிறது. இவ்வளவு நாள் கழித்துக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. வேர் அறுபட்ட மரம் உடனே சாவதில்லை. சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். தளத்துக்காக ஓரடி மண்ணைச் சுரண்டினாலே போதும். வேரை வெட்டாமல், அதன் மேல் ஜல்லியும் சிமெண்ட் மூட்டையும் அடுக்கி மண்ணை இறுக்கினாலும் மூச்சு முட்டித்தான் போகும்.

அடிமர விட்டத்தைப்போல் 12 மடங்கு தூரம் வரை தொடாமல் விடுவது மரத்தைக் காப்பவர்கள் வைத்திருக்கும் அளவு. 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 4.8 மீட்டர். உங்கள் தளம் எங்கே தொடங்குகிறது என்று அளந்து பாருங்கள். வேலை நாட்களில் எடுத்த படங்களில் வெட்டிய வேர் தெரிகிறதா என்றும் தேடுங்கள். ஆனால் மரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, நோயோ பூச்சியோ இல்லை என்று சொல்லாமல் பணம் கேட்காதீர்கள். வளர்ந்த மரத்துக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

கேள்வி: புதுத் தளத்தில் மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கமாக ஓடி வருகிறது. சுவரடியில் பூச்சு உப்பிக்கொண்டு வருகிறது.

வாட்டம் தப்பாக வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வெளியே பார்க்க, மீட்டருக்கு 2 செ.மீ. அளவில் இறக்கம் இருந்தால் தண்ணீர் நிற்காமல் போகும். ரசமட்டத்தை வைத்து அவர் எதிரிலேயே அளந்து காட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது ஓடுவதை வீடியோ எடுங்கள். தளத்தின் மேல்மட்டம், சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலத்துக்கு 15 செ.மீ. கீழே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தளத்தை உயர்த்தி அதை மூடிவிட்டார்கள் என்றால் எத்தனை முறை பூச்சுப் பூசினாலும் உப்பும். இது பெயர்த்துப் போட வேண்டிய வேலைதான்; மேலே ஒரு பூச்சுப் பூசித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஒப்பந்தமே எழுதவில்லை.

அதற்காகக் கைகழுவிவிட வேண்டாம். வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, அவர் துண்டுச்சீட்டில் எழுதிய அளவுகள் எல்லாமே ஒப்பந்தம் இருந்ததற்குச் சாட்சி. இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: என்ன பேசினோம், எவ்வளவு கொடுத்தேன், என்ன உடைந்தது, என்றைக்குப் பார்த்தேன். திட்டு ஒன்றும் வேண்டாம்.

கேள்வி: தானே வந்து சரி செய்து தருகிறேன் என்கிறார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வேறு ஆளை வைக்கட்டுமா?

ஆபத்தான சேதம் இல்லையென்றால் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கொடுக்காமல் வேறு ஆளை வைத்தால், "நான் செய்திருந்தால் பாதிச் செலவுதான்" என்று பிறகு சொல்வார், அது எடுபடவும் செய்யும். என்ன செய்வார், எந்தப் பொருளில், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். தேதி தாண்டினால் வேறு ஆளை வைத்துவிட்டு பில்லை அனுப்புங்கள். கான்கிரீட் வேலை என்றால், முழு பலம் வந்துவிட்டதா என்று பார்க்க 28 நாள் கணக்கு உண்டு. ஈரம் காய்வதற்குள் "எல்லாம் சரியாக முடிந்தது" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுச் சுவரும் விரிந்துவிட்டது. அவர்கள் என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள்.

வரத்தான் செய்வார்கள், வேலை உங்கள் இடத்தில் நடக்கிறது. "காண்ட்ராக்டரைக் கேளுங்கள்" என்று கதவைச் சாத்தாமல் நீங்களே போய்ப் பாருங்கள். அவர்கள் விரிசலிலும் பென்சில் கோடும் தேதியும் போடுங்கள். காண்ட்ராக்டருக்கு அதே நாளில் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அடுத்த வாரம்தான் வேலை ஆரம்பம். முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?

காண்ட்ராக்டரையும் கூட வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தே ஒரு வீடியோ எடுங்கள். சுவர்கள், ஏற்கெனவே உள்ள விரிசல்கள், படி, சுற்றுச்சுவர், வண்டி வரும் வழி, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாம் வரட்டும். குறையைப் பார்த்த இடத்தில் நின்று வாயால் சொல்லுங்கள். சேம்பர் மூடிகளைத் திறந்து, ஒரு வாளித் தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டி, அது தங்காமல் ஓடுவதையும் எடுங்கள். குழாய், கேபிள் போகிற வழியைச் சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். வீடியோவை அன்றைக்கே அவருக்கும் அனுப்பிவிடுங்கள், அவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.