மழை விட்டபின் வரும் இரவுகளில்தான் கவனம் வேண்டும்

நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டிருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "டிசம்பர் கடைசி வரை மழை இருக்கும் என்கிறார்கள், அப்படியானால் உறைபனி தள்ளிப்போகுமா? செல்போனில் 5 டிகிரி காட்டிய அன்றே கீழ்வயல் வெள்ளையாகக் கிடந்தது. எதை நம்புவது? ராத்திரி தண்ணீர் அடிக்கலாமா?"

மழை இருக்கிற இரவில் உறைபனி விழாது, அது சரி. மேகம் போர்வை மாதிரி தரையின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுத்தான் பெய்யும். வங்கக்கடல் தாழ்வுப் பகுதி வலுவிழந்தோ மேற்கே நகர்ந்தோ போனதும் வறண்ட காற்று இறங்கி வானம் பளிச்சென்று திறந்துவிடும். மழை விட்ட முதல் இரவு காற்றில் ஈரம் மிச்சமிருப்பதால் பெரும்பாலும் மூடுபனியோ நீர்ப்பனியோதான், அதற்கடுத்த இரண்டாவது மூன்றாவது இரவுகள்தான் ஆபத்து. டிசம்பரில் மழை அதிகம் என்று முன்னறிவிப்பு வந்தால் உறைபனி இரவுகள் குறையலாமே தவிர, வராது என்று அர்த்தமில்லை. ஜனவரி, பிப்ரவரி வேறு பாக்கி இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்கு இந்த மழை நன்றாகக் கிடைக்கும், மேகமும் அதிகம் தங்கும். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கத்துப் பள்ளங்களின் கதை வேறு, அங்கே உறைபனி அதிகம்.

அப்புறம் அந்த 5 டிகிரி. வானிலை நிலையத்தில் வெப்பமானி ஆள் உயரத்தையொட்டி, கூண்டுக்குள் இருக்கும். செல்போன் காட்டுவது பெரும்பாலும் ஒரு பெரிய வட்டாரத்துக்கான கணக்கு. காற்றில்லாத தெளிந்த இரவில் புல்மட்டத்தில் அதைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருக்கலாம், போதாததற்குக் கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து கீழ்வயலில் தேங்கும். அதனால் ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி, கீழ்வயலில் செடியின் உயரத்துக்கே குச்சியில் கட்டுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்று அசையாமல், செல்போனில் 'டியூ பாயிண்ட்' (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்று தயாராக இருங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் நஷ்டப்படுகிறார்கள். முதல் வேலை, பகலிலேயே நிலத்தை நனைப்பது. ஈரமண் வெயிலின் சூட்டை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடும். சாயங்காலம் இலையை நனைக்காதீர்கள், அது ஆவியாகும்போது இலையைக் குளிர வைக்கும். ஸ்பிரிங்க்ளர் போடுவதானால் செடி மட்டத்தில் 1 டிகிரிக்கு வரும்போதே ஆரம்பித்து, வெயில் ஏறி பனி உருகும் வரை நிறுத்தக்கூடாது. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காப்பாற்றுகிறது, பாதியில் மோட்டார் நின்றால் சும்மா இருந்ததைவிட மோசமாகிவிடும். இரவில் மின்சாரத்தை நம்ப முடியாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

அப்படிப்பட்ட இடத்தில் செடியை மூடுவதுதான் நல்லது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் செடியை வைத்து மறைப்பார்கள், நாற்றங்காலுக்கு அது நன்றாகவே உதவும். பிளாஸ்டிக் ஷீட் என்றால் இலையில் படாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். குப்பையைக் கொளுத்திப் புகை போடுவதில் பலனில்லை, தரையின் சூடு வெளியேறுவதைப் புகை தடுக்காது. கேரட் ஓரளவு தாங்கும், அதனால் இருக்கிற ஷீட்டை முதலில் உருளைக்கிழங்குக்கும் பீன்ஸுக்கும் போடுங்கள்.

இலை கருகியிருந்தால் உடனே மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். ஒரே இரவில் மேல் இலைகள் எல்லாம் சேர்ந்து கருத்திருந்தால் அது பனி. மழைநாட்களில் அங்கங்கே புள்ளியாகத் தொடங்கிப் பரவி, காலையில் இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அது பின்பருவக் கருகல் என்ற நோய், அதற்குத்தான் மருந்து. பனியில் கருகிய உருளைச் செடியை வெட்ட வேண்டாம், யூரியாவும் போட வேண்டாம்; பத்து நாள் பொறுத்துப் பாருங்கள், அடியிலிருந்து துளிர்க்கிறதா என்று.