சிமேக் (சோர்ஸ் கோடை கம்பைல் செய்ய உதவும் கருவி) நிறுவியும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வருகிறதே, ஏன்?
உபுண்டு 20.04 லினக்ஸில், மென்பொருள் நிறுவித் தரும் ஆப்ட் கட்டளை தரும் சிமேக் 3.16 பழசு என்று அதை நீக்கிவிட்டு, சோர்ஸிலிருந்து புதியதை கம்பைல் செய்து போட்டிருக்கிறீர்கள், ஆனாலும் யுஎஸ்ஆர்/பின் ஃபோல்டரில் சிமேக் இல்லை என்றே டெர்மினல் சொல்கிறது, அவ்வளவுதானே? நிறுவியதில் தப்பே இல்லை. டெர்மினலில் நீங்கள் அடிப்பதை வாங்கி இயக்கும் பாஷ், ஒரு கட்டளையை முதல் தடவை தேடிக் கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வீடு மாறிப் போனவரைப் பழைய விலாசத்திலேயே தேடும் தபால்காரர் மாதிரி, திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. புதியதோ யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் உட்கார்ந்திருக்கிறது. டெர்மினலை மூடித் திறங்கள், போதும். மூட மனசில்லை என்றால் பாஷின் அந்த நினைவை அழிக்க ஹாஷ் கட்டளையை மைனஸ் ஆர் சேர்த்து அடியுங்கள். அப்புறமும் வரவில்லையா? கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்ற பட்டியலான பாத்தில் அந்த லோக்கல் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்க மறுபடி மறுபடி கம்பைல் செய்துகொண்டிருந்தேன்.