ஸ்கேல் மாடல்களைப் பரணில் ஏற்றலாமா?

தூத்துக்குடியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பத்து ஆண்டுகளில் கட்டி முடித்த நாற்பது பிளாஸ்டிக் மாடல்கள் அவர் வீட்டு ஹாலில், ஜன்னலுக்கு எதிரே, கதவில்லாத அலமாரியில் இருக்கின்றன. பெரும்பாலானவை 1:72 அளவு, அதாவது அசலில் 72-இல் ஒரு பங்கு நீளமுள்ள விமானங்கள். சில 1:24 கார்கள். 1:350 அளவில் யமாட்டோ போர்க்கப்பல் ஒன்று. தூசி தட்டும்போதெல்லாம் ஏதாவதொரு பாகம் ஒடிகிறது. சிவப்பு வண்ணம் வெளுத்துவிட்டது. ஒரு காரின் சக்கரம் டயரோடு சேர்ந்து உருகியதுபோல் ஆகியிருக்கிறது. பி-38 லைட்னிங் விமானத்தின் மூக்கு, யாரும் தொடாமலேயே ஒட்டு விட்டுப் பிளந்திருக்கிறது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, அந்துருண்டையும் சேர்த்துப் பரணில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள் வீட்டில். அது சரியா என்பது அவருடைய கேள்வி.

பரணும் வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம். மாடல்கள் வார்க்கப்படும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் சுமார் 100 டிகிரி செல்சியஸில்தான் முழுவதுமாக இளகும் என்றாலும், மெல்லிய இறக்கைகள், இழுத்துக் கட்டிய ஆன்டெனா இழைகள், பசை மூட்டுகள் ஆகியவை அதற்கு வெகு முன்பே வளையவும் ஒட்டு விடவும் தொடங்கிவிடும். மேல்தளத்து வீட்டில் காங்கிரீட் கூரையை ஒட்டியிருக்கும் பரண், சித்திரை வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு இரவெல்லாம் அந்தச் சூட்டை வெளிவிடும் இடம். அந்துருண்டையில் இருப்பது நாஃப்தலின் அல்லது பாராடைகுளோரோபென்சீன். இவற்றின் ஆவி பாலிஸ்டைரீனையே இளக்கக்கூடியது என்பதால், மூடிய பெட்டிக்குள் இரண்டு உருண்டைகளைப் போடுவது மாடல்களை மெல்லிய கரைப்பான் ஆவியில் ஊறவைப்பதற்குச் சமம். பூச்சிக்காகத் துணி அலமாரியில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருப்பதால், மாடல்களைத் துணிகளோடு ஒரே அலமாரியில் வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

சேதமான இரண்டு மாடல்களும் பெரிய பாடம் சொல்கின்றன. இரண்டிலும் குற்றவாளி மாடலுக்குள்ளேயே இருக்கிறது. காரின் டயர் ரப்பர் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் அது மென்மையாக்கப்பட்ட வினைல். வினைலை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியே வந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. டயரை மெதுவாக விலக்கிப் பார்த்தால், சக்கரத்தின் விளிம்பு அணைந்த மெழுகுவர்த்தியின் ஓரம் போல வழிந்து, டயரின் உள்கோடுகள் அதில் அச்சாகப் பதிந்திருப்பதைக் காண்பீர்கள். பழைய டாங்கி கிட்களில் வரும் வளையும் வினைல் சங்கிலிப் பட்டைகளும் தம் அடியிலுள்ள சக்கரங்களை இப்படியே தின்றுவிடும். மற்ற கார்களின் டயர்களை இன்றே கழற்றிப் பாருங்கள். இன்னும் கெடாதிருந்தால், சக்கரத்தில் டயர் தொடும் இடமெங்கும் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றி, அதன் மேல் டயரை மாட்டுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் பிளாஸ்டிக் பீடமோ வண்ணம் பூசிய பலகையோ இல்லாமல் கண்ணாடித் துண்டு இருப்பது நல்லது.

விமானத்தின் மூக்கைப் பொறுத்தவரை, உள்ளே என்ன எடை வைத்தீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். பி-38 மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானம். மூக்கில் போதிய எடை இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்காகத் தூண்டில் ஈயக் குண்டுகளை வைத்து வெள்ளைப் பசையை ஊற்றி நிரப்புவது பலரும் செய்வது. அந்தப் பசை மெல்ல விடும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக மாற்றுகிறது. பொடி ஈயத்தைவிட அதிக இடம் பிடிப்பதால், உள்ளிருந்து நெம்பி ஒட்டைப் பிளந்துவிடுகிறது. பிளவு வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். வெண்பொடி தெரிந்தால் காரணம் இதுதான். முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, இரும்புக் குண்டுகளை எபாக்சிப் பசையில் பதித்து மூடுங்கள். ஈயப் பொடி நஞ்சு என்பதால் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, குழந்தைகள் இல்லாத இடத்தில், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இதே காரணத்தால்தான் புதிய ப்ளைவுட், எம்.டி.எஃப். (மர இழையைப் பசையிட்டு அழுத்திய பலகை) அலமாரிகளிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அவற்றின் பசையும் மரமும் விடும் அமில ஆவி, காற்று வெளியேறாத அறைக்குள் தேங்கி, ஈயம் கலந்த உலோகப் பாகங்களை அரிக்கும். முற்றிலும் பிளாஸ்டிக்காலான மாடலுக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. உலோக உருவங்கள் இருந்தால் இரும்பு, அலுமினியச் சட்டமும் கண்ணாடித் தட்டும் கொண்ட ஷோகேஸே பாதுகாப்பானது. மர ஷோகேஸ்தான் கிடைக்குமென்றால், கதவைத் திறந்து வைத்துச் சில வாரங்கள் காற்றாட விட்டபின் பயன்படுத்துங்கள்.

வெளுத்த சிவப்புக்குக் காரணம் ஜன்னல். சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிரின் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வண்ணத்தைத் தின்னும். எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் ஒளியை வரம்பாக வைக்கின்றன. நேரடி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அதாவது ஒரு மணி நேர வெயில், அருங்காட்சியக விளக்கின் கீழ் 2,000 மணி நேரம் இருப்பதற்கு ஒப்பு. அலமாரியை ஜன்னல் உள்ள சுவரிலேயே, வெயில் நேராக விழாத மூலைக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே எல்.இ.டி. பட்டை போதும், அதன் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும் என்பதால் அதை வெளியே வையுங்கள். எனாமல் வெள்ளை மட்டும் இதற்கு விலக்கு. அதிலுள்ள எண்ணெய் இருட்டிலும் மஞ்சளிக்கும், ஆகவே ஒளியிலிருந்து மறைத்து வைப்பதால் அதற்குப் பயனில்லை.

தூசிக்குத் தீர்வு கதவு. தட்டித் தட்டி ஒடிப்பதைவிட விழாமல் தடுப்பதே அறிவுடைமை. அதைவிட முக்கியம், அலமாரி எந்த இடத்தில் நிற்கிறது என்பது. சமையலறை வாசலுக்கு நேரே இருந்தால் தாளிப்பின் எண்ணெய்ப் புகையும், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தால் ஊதுபத்திப் புகையும் விளக்குக் கரியும் தூசியோடு கலந்து பிசுக்காகப் படியும். உலர்ந்த தூசியை ஊதி அகற்றலாம். பிசுக்கை அகற்ற மாடலைத் தொட்டே ஆக வேண்டும்.

ஏற்கெனவே படிந்த தூசிக்கு, கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பந்தும், இதற்கென்றே வாங்கிய மென்மையான ஒப்பனை பிரஷும் போதும். மாடலைக் கையில் எடுக்காமல், இருக்கும் இடத்திலேயே, மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒரே திசையில் நீவுங்கள். ஆன்டெனா இழையின் குறுக்கே பிரஷ் போகக் கூடாது. பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, முதலில் வயிற்றுப் பகுதியில் சோதியுங்கள். ஆல்கஹால் பல அக்ரிலிக் வண்ணங்களைக் கரைத்துவிடும். மண், புகைக்கறை காட்டப் பொடி தூவிய மாடல்களில் ஈரமே படக் கூடாது.

இடமில்லாமல் உள்ளே வைக்க வேண்டியவற்றைப் பரணுக்குப் பதிலாகக் கட்டிலுக்கு அடியிலோ, வெயில் படாத உட்சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டிலோ வையுங்கள். மூடியுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், மாடலின் பீடத்தை மட்டும் அடியில் திருகிவிட்டு, மாடலின் மேல் எதுவும் படாமல் விடுவதுதான் சிறந்த முறை. குமிழித்தாள் சுற்றினால் வண்ணத்தின் மேல் வட்ட வட்டமாகத் தடம் விழும். மஞ்சள் ஸ்பாஞ்ச் நம் கடலோர ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் பொடிந்து ஒட்டிக்கொள்ளும். மெத்தை தேவைப்படும் இடத்தில் வெள்ளைப் பாலிஎதிலீன் ஃபோமை வெட்டி வையுங்கள். டப்பாவின் வெளியே மாடலின் படத்தை ஒட்டிவிட்டால், தேடுவதற்காக ஒவ்வொன்றையும் திறக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, பூஞ்சை, வெண்பொடி, டயர்க் கசிவு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

யமாட்டோவுக்கு மட்டும் தனிக் கூடு செய்யுங்கள். அசல் கப்பலின் 263 மீட்டர் நீளம் இந்த அளவில் 75 சென்டிமீட்டர் ஆகிறது. அகலம் 11 சென்டிமீட்டர். கூட்டின் உள்ளளவு 85-க்கு 20 சென்டிமீட்டர் இருந்தால் கப்பலை வைக்கும்போதும் எடுக்கும்போதும் கைக்கு இடம் இருக்கும். இந்த நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு நடுவில் வளையும். 5 மில்லிமீட்டர் கேளுங்கள், புறஊதாவைத் தடுக்கும் ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கூடு பீடத்தின் மேல் இறுக உட்காராமல் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் உள்ளே ஆவி தேங்காது. கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம் அக்ரிலிக்கில் நுண்விரிசல் விடும் என்பதால், கூட்டை வெறும் தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள்.