நாங்கள் எப்போது நாம் ஆனோம்?

அன்புள்ள ஐயா,

இதழியல் முதலாண்டு மாணவி நான். மாணவர் இதழ்களில் வந்த ஐந்து கருத்துக் கட்டுரைகளை ஆய்வு செய்து வரும்படி எங்கள் பேராசிரியர் சொன்னார். அவற்றில் ஒன்று, கல்லூரி நூலகத்தை மாலை ஆறு மணிக்கே மூடிவிடுவதைக் கண்டித்து ஒரு மாணவர் எழுதியது. ‘உணர்ச்சிகரமான நடை. ஒருதலைப்பட்சமானது. ஆனாலும் கருத்தோடு உடன்படுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘இது ஆய்வு இல்லை, கைதட்டல்’ என்று திருப்பித் தந்துவிட்டார். கருத்து என்பது அவரவர் பார்வைதானே? அதில் சரி, தவறு என்று எதைப் பார்ப்பது? அதிலும், கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களின் எழுத்தைப் பெரிய பத்திரிகைகளை அளக்கும் கோலால் அளப்பது நியாயமா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் பேராசிரியர் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டார். தவறாகச் சொல்லவில்லை. கட்டுரையை முதல்முறை படித்தபோது எனக்கும் கைதட்டத்தான் தோன்றியது. நூலகத்தை மூடுகிறார்கள் என்றால் எனக்கு உடனே கோபம் வரும். அந்தக் கோபம் தணியட்டும் என்று ஒரு நாள் கழித்து மறுபடி படித்தேன்.

‘ஒருதலைப்பட்சமானது’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள். கருத்துக் கட்டுரை ஒரு பக்கம் நிற்பதற்காகவே எழுதப்படுகிறது. அதைக் குறையாகச் சொல்வது, வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்காகவே பேசுகிறார் என்று குறைப்படுவதைப் போன்றது. நிற்பவரின் காலடியில் தரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு நான் கைக்கொள்ளும் வழி மிக எளியது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, எழுதியவர் தன் அறையை விட்டு எழுந்து போகாமல் எழுதியிருக்கவே முடியாத வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுவேன். நீங்கள் அனுப்பிய கட்டுரையில் இருபத்தெட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. எனக்குக் கிடைத்தவை இரண்டு: நூலகம் ஆறு மணிக்கு மூடப்படுகிறது, சென்ற ஆண்டு எட்டு மணி வரை திறந்திருந்தது. மற்றவை எல்லாம் ‘அறிவின் ஆலயம்’, ‘நாளைய தலைமுறை’, ‘இருண்டுபோன எதிர்காலம்’. இவற்றைக் கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதலாம். எட்டு மணி ஏன் ஆறு மணி ஆயிற்று என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. ஆள் குறைந்ததா, மாலையில் யாரும் வருவதில்லையா, புது உத்தரவா? காரணம் எதுவோ, அதைப் பொறுத்துக் கட்டுரை யாரோடு சண்டை போட வேண்டும் என்பதே மாறிவிடும்.

அடுத்து, வாதத்தின் எலும்புக்கூடு. இதற்கு மேலைநாட்டுப் பாடநூல்களில் நல்ல கருவிகள் உண்டு. பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் முன்வைத்த முறை, ஒரு கூற்றுக்கும் அதன் சான்றுக்கும் நடுவே சொல்லாமல் விடப்பட்ட இணைப்பைத் தேடச் சொல்கிறது. நமக்கு இன்னும் பக்கத்தில் மணிமேகலையின் 29ஆம் காதை இருக்கிறது. பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல், அதாவது தருக்கம், சொல்லித்தருகிற இடம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை தெரிவதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இவை ஒவ்வொன்றுக்கும் போலி, அதாவது சரிபோலத் தோன்றும் பிழை, உண்டு என்று அந்தக் காதை நீளமாகப் பேசுகிறது. காப்பியச் சுவை தேடிப் போகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிச் செல்கிற பகுதி அது. கட்டுரை படிக்கிறவர்கள் தாண்டக் கூடாது.

நம் கட்டுரைக்கு வருவோம். நூலகம் இரவிலும் திறந்திருக்க வேண்டும் என்பது பக்கம். தேர்ச்சி விகிதம் குறைந்துவிட்டது என்பது ஏது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விடிய விடியத் திறந்திருக்கிறது என்பது திட்டாந்தம். புகை உண்மையாகவே இருந்தாலும் அது இந்த அடுப்பிலிருந்துதான் வந்தது என்று யார் சொன்னது? பாடத்திட்டம் மாறியிருக்கலாம், ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்திருக்கலாம். வளாகத்திலேயே தங்கிப் படிக்கிறவர்களின் நூலகத்தை, மாலையில் பஸ் பிடித்து வீடு திரும்புகிறவர்களின் நூலகத்துக்கு எடுத்துக்காட்டாக வைக்கலாமா என்பது இன்னொரு கேள்வி.

இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தியது ஒரு சிறிய சொல். முதல் பத்தியில் ‘நாங்கள் வெளியேற்றப்படுகிறோம்’ என்கிறார். மூன்றாம் பத்தியில் ‘நாம் இதை அனுமதிக்கலாமா?’ என்கிறார். நடுவில் என்ன நடந்தது? ‘நாங்கள்’ என்னும்போது நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ‘நாம்’ என்றதும் என்னைக் கேட்காமலே உள்ளே இழுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்; அங்கே இந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது. தமிழ் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆதாரம் கொடுத்துவிட்டு ‘நாம்’ என்று அழைத்தால் வரலாம். இவர் ஆதாரத்துக்குப் பதிலாகவே அழைக்கிறார்.

அந்த ‘நாங்கள்’ யார் என்பதும் தெளிவில்லை. கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில் ‘கட்டுரையாளர் மாணவர் பேரவைச் செயலாளர்’ என்று இருக்கிறது. நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் பேசுவது ஒரு வாசகரா, ஓர் அமைப்பின் பொறுப்பாளரா? கையெழுத்தில்லாத தலையங்கம் இதழின் குரல், பெயர் போட்ட கட்டுரை தனிமனிதரின் குரல் என்பது பொது வழக்கு. நியூயார்க் டைம்ஸ் 1970 செப்டம்பரில் தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை வெளியாருக்குத் திறந்தபோது அந்தப் பிரிவு இன்னும் துலக்கமானது. மாணவர் இதழ்களில் இந்தக் கோடு அடிக்கடி அழிந்துபோகிறது. எழுதுகிறவர், இதழாசிரியர், பேரவைக்காரர் மூவரும் ஒருவராகவே இருப்பது அங்கே சாதாரணம்.

கடைசி வரி: ‘உடனடியாக நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்.’ யாரால்? நூலகராலா, முதல்வராலா, நிர்வாகத்தாலா? ‘பட’ ஆளை மறைக்கிறது. ‘வேண்டும்’ அந்த இடத்தைக் குரலால் நிரப்புகிறது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. உண்மையை அளக்கும் கோல் எல்லோருக்கும் ஒன்றுதான். வயதுக்காக அதைச் சுருக்க முடியாது. ஆனால் மௌனத்தை அளக்க வேறு கோல் வேண்டும். பெரிய பத்திரிகையில் அமைச்சரைச் சாடுகிறவர் மறுநாள் அவரிடம் வருகைப் பதிவுக்குக் கையெழுத்து வாங்கப் போவதில்லை. இந்த மாணவர் போக வேண்டும். ஆள் பெயர் இல்லாத அந்த வாக்கியம் சோம்பலாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். அச்சுக்குப் போகும் முன் யாரோ ஒரு பெயரை அடித்திருக்கவும் கூடும்.

1983இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியின் மாணவர் இதழிலிருந்து தலைமையாசிரியர் இரண்டு பக்கங்களையே எடுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பள்ளிக்குச் சாதகமாக முடிந்தது. பள்ளி நடத்தும் இதழில், நியாயமான கல்விக் காரணம் இருந்தால் நிர்வாகம் கைவைக்கலாம் என்றது தீர்ப்பு. எனக்கு அந்தத் தீர்ப்பு உவப்பானதில்லை. ஆனால் அந்தத் தலைமையாசிரியர் சொன்ன காரணங்களில் ஒன்று யோசிக்க வைக்கிறது. விவாகரத்து பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி தன் தந்தையைக் குறைகூறியிருந்தாள். தந்தையிடம் யாரும் பதில் கேட்கவில்லை. நல்ல செய்தி ஆசிரியர் எழுப்ப வேண்டிய கேள்விதான் அது. கேட்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். திருத்த நேரமில்லை என்று பக்கத்தையே எடுத்துவிட்டார்.

நானும் பதினெட்டு வயதில் ஒரு கண்டனக் கட்டுரை எழுதினேன், தேர்வு முடிவுகள் தாமதமானதைப் பற்றி. ‘அலட்சியம்’ என்ற சொல் அதில் ஏழு முறை வருகிறது. சென்ற ஆண்டு பழைய தாள்களுக்கு நடுவே அது அகப்பட்டபோது பென்சிலை ஓட்டிப் பார்த்தேன். அடிக்கோடு விழுந்தது ஒரே வாக்கியத்துக்கு. அறிவிப்புப் பலகையிலிருந்து தேதியைப் பார்த்து எழுதிய வாக்கியம். அன்று அதைத்தான் சப்பென்று இருப்பதாக நினைத்து நீக்கப் பார்த்தேன்.

உடன்பாட்டைப் பற்றிக் கேட்டால், நூலகம் திறந்திருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். அந்த நினைப்பு எனக்கு முன்பே இருந்தது. இந்தக் கட்டுரை அதில் ஒரு செங்கல்லும் சேர்க்கவில்லை. ஆய்வில் ‘உடன்படுகிறேன்’ என்று எழுதலாம், தடையில்லை. எதனால் என்பதும் கூடவே வரட்டும்.

உங்கள் மூன்று வரிகளிலும் இதே பென்சிலை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு அந்த நூலகத்துக்குப் போய், எத்தனை நாற்காலிகளில் ஆள் இருக்கிறது என்று எண்ணி வாருங்கள். எண்ணிக்கையை எனக்கு அனுப்ப வேண்டாம், பேராசிரியரிடமே கொடுங்கள்.

அன்புடன்.