மிளகாய்ச் செடி தானாகத் தேறுமா? வாசகர் கேள்விகள்

உச்சிப்புளி வாசகர்: இலை சுருண்ட முண்டு மிளகாய்ச் செடி ஒன்றில் புதுத் தளிர் மட்டும் நன்றாக வருகிறது. மருந்தே அடிக்கவில்லை. எப்படி?

முதலில் பழைய இலையைப் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். ஒரு நல்ல மழை பூச்சியைக் கழுவிவிட்டிருக்கலாம்.

வெள்ளை ஈ கொண்டுவந்த சுருட்டை வைரஸ் என்றால் விஷயம் வேறு. ஆர்.என்.ஏ. என்பது மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு; அதன் ஒவ்வொரு அலகையும் ஓர் எழுத்து என்போம். வைரஸ் பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை, செடியின் டைசர் நொதி 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கிவிடும். இவைதான் சிறு ஆர்.என்.ஏ. ஆர்கோநாட் என்ற புரதம் ஒரு துண்டை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டும். சுருட்டை வைரஸ் டி.என்.ஏ. வகை என்பதால் 24 எழுத்துத் துண்டுகள் அந்த டி.என்.ஏ.வையே பூட்டிவைக்கவும் உதவுகின்றன. துண்டுகள் செடிக்குள் பயணிக்கக்கூடியவை. வைரஸ் வருமுன்பே தளிர் தயாராகிவிடலாம். அதற்காக அந்தச் செடியில் விதை எடுக்காதீர்கள், இப்படித் தேறுவது விதையோடு வராது.

ஆர்.எஸ். மங்கலம் வாசகர்: அப்படியானால் என் வயல் பாதி ஏன் சுருண்டே கிடக்கிறது?

வைரஸும் சும்மா இருப்பதில்லை. மிளகாயையும் தாக்கும் வெள்ளரித் தேமல் வைரஸ், 2பி என்ற புரதத்தை வைத்துச் செடியின் சிறு ஆர்.என்.ஏ.வையும் ஆர்கோநாட்டையும் முடக்குகிறது. சுருட்டை வைரஸிடமும் இதே வேலைக்குத் தனிப் புரதங்கள் உண்டு. குளிரிலும் இந்தக் காவல் தளரும்; ஆய்வகத்தில் 15 டிகிரியில் ஏறக்குறைய நின்றே போனது. நம் ஊரில் அந்தக் குளிருக்கு வழியே இல்லை, அதுவரை லாபம்! ஆகவே செடியை மட்டும் நம்பாமல், சுருண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்குங்கள். வரப்போரம் சோளம் போடுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள்.

சாயல்குடி வாசகர்: பூஞ்சைக்கும் இந்தச் சிறு ஆர்.என்.ஏ. சண்டை உண்டா?

உண்டு. சாம்பல் பூஞ்சை தன் சிறு ஆர்.என்.ஏ.வைச் செடிக்குள் அனுப்பி எதிர்ப்பை அடக்குவதை 2013இல் கண்டார்கள். செடியும் அந்தப் பூஞ்சைக்குத் திருப்பி அனுப்புவது 2018இல் தெரிந்தது.

திருவாடானை வாசகர்: கடையில் ஆர்.என்.ஏ. மருந்து கேட்கலாமா?

அமெரிக்கா 2023 இறுதியில் அனுமதித்த இரட்டை இழை ஆர்.என்.ஏ. தெளிப்பு உருளைக்கிழங்கு வண்டுக்கானது, மிளகாய் வைரஸுக்கல்ல. வெயிலில் இந்த ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும் வேறு. லேபிளில் மிளகாய் என்ற பெயரும் பதிவு எண்ணும் இல்லாத பாட்டிலை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.